வேணாம்

முதுநகரில் நிஜாமுதீன் கடை.
மேசையில் மூன்று பெட்டி:
ஏழு அங்குலம், ஐந்து அங்குலம்,
துணியால் மூடிய இன்னொன்று.

ஏழு அங்குலத்தில் கடல்
கல்யாண மண்டபத்துச் சுவர் மாதிரி நீலமாக இருந்தது.
"தொட்டாப் போதும்ணே."
அய்யனாரப்பன் எதிர் டீக்கடைக்குப் போய்
கையை நனைத்துக்கொண்டு வந்து தொட்டான்.
கடல் நகரவில்லை.
அழுத்தித் தொட்டான்.
கடல் இலங்கைக்குப் போய்விட்டது.
கணவாய் மை அப்பிய கைக்கு
இது பேச்சுக் கேட்காது என்று வைத்துவிட்டோம்.

ஐந்து அங்குலத்துக்குப் பொத்தான்.
வெயிலில் தெரியுமா பார்க்கலாமென்று
ஒயர் எட்டும் மட்டும் வாசலுக்குத் தூக்கிப் போனேன்.
பதினோரு மணி.
திரையில் என் முகம்தான் தெரிந்தது,
அதற்குப் பின்னால் மெலிசாகக் கடலூர்.

வரைபட அட்டைக்குத் தனி விலை.
யாரோ எங்கிருந்தோ மீட்டரில் அளந்தது.
பாகத்துக்கு வகுத்துப் பார்த்தேன், ஆழம் சரி.
முகத்துவாரத்தை மட்டும்
போன புயலுக்கு முன்னாலிருந்த இடத்திலேயே வைத்திருந்தான்.
பெரிதாக்கினால் சிங்காரத்தோப்பு இல்லை,
தாழங்குடா இல்லை,
நாங்கள் தூண்டில் போடுகிற பார் ஒன்றுக்கும் பேரில்லை.
ஒரு ஏழு தண்ணீரில் தனியாக மிதந்தது.

மூன்றாவதைத் திறந்தார்.
பழசு. பதினேழாயிரம்.
"ஓரத்துல விரிசல். உள்ள சுத்தம்."

உள்ளே சுத்தமாக இல்லை.
அறுபத்தோரு புள்ளி,
அம்மை வார்த்த மாதிரி.

தேசிங்கோடது.
வட்டி கழுத்துக்கு வந்து படகை விற்றவன்,
இப்போது சிப்காட்டில் ஒரு கேட்டுக்குக் காவல்.
வஞ்சிரம் எங்கே என்று
குவார்ட்டர் வாங்கிக் கொடுத்துக் கேட்டும்
வாய் திறக்காதவன்.
அறுபதும் வெறும் எண்.
ஒன்றுக்கு மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் பேர்:
வேணாம்.

"புள்ளியோட சேர்த்துன்னா இருபத்தஞ்சு"
என்று சிரித்தார் நிஜாமுதீன்.
அய்யனாரப்பன் சிரிக்கவில்லை.
ஒரு ராத்திரிக்கு ஒரு புள்ளி, ரெண்டு மாசம் என்று
அவன் கணக்கு ஓடுவது எனக்குக் கேட்டது.

தேசிங்குக்குப் போன் போட்டேன்.
டூட்டி நேரம், குசுகுசுத்தான்.
"அழிச்சிடு."
லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது.
"பேர் வெச்சது இருக்கட்டும்.
அடியில ஒரு விசைப்படகு உடைஞ்சு கெடக்கு.
என் வலை மூணு அதுல."

அழிக்க உட்காரும் முன்னால்
அய்யனாரப்பன் பெட்டிப் பக்கமாகச் சாய்ந்து
செல்போனில் மணி பார்த்தான்.
ரொம்ப நேரம் பார்த்தான்.

ஒவ்வொன்றுக்கும் நிச்சயமா என்று கேட்டது.
அறுபது தடவை ஆமாம் சொன்னேன்.
விரல் வலித்தது.
பதினாறாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது.

ராத்திரி ரெண்டரைக்கு முகத்துவாரம் தாண்டினோம்.
திரையில் எங்கள் படகு
மஞ்சள் மணல்மேல் போய்க்கொண்டிருந்தது.
தரை தட்டும் தரை தட்டும் என்று பெட்டி அலறியது.
பலகைக்குக் கீழே தண்ணீர்
தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.
தூரத்தில், கிழக்கே, ஒற்றை வேணாம்.

"எந்தப் பக்கம் விடட்டும்?" என்றான் அய்யனாரப்பன்,
ஏற்கனவே திருப்பிக்கொண்டே.