ஸ்நேர் மேல் ஒரு பர்ஸ்

ஆர்வின் குபியாக்கைத் தன் பர்ஸை எடுக்கச் சொன்னார்கள்.
ஸ்நேர் டிரம்மின் தோல்மேல் அதை வைத்து
ஒரு முழம் டேப் கிழித்து ஒட்டினார்கள்.
அப்போதுதான் சத்தம் கனியுமாம்.
காலிப் பர்ஸ் அது:
ஓஹையோ ஓட்டுநர் உரிமம், சலவைக்கடை ரசீது,
எட்டாக மடித்த ஒரு டாலர்.
ஆகவே முதல் டேக்கில்
இன்னும் கொஞ்சம் முரடு மிச்சமிருந்தது.

எழுபத்தேழு, பிப்ரவரி.
லாஸ் ஏஞ்சலிஸில் ஜன்னலில்லாத ஓர் அறை.
கிளீவ்லாந்தில் ஏரி உறைந்து கிடக்க
நாங்கள் அரைக்கைச் சட்டையில்.
கண்ணாடிக்கு அப்பால் ஹால்வர்சன்
பிஸ்தா உடைத்துத் தின்றபடி
பொத்தானை அழுத்திப் பேசுவார்:
"பிரமாதம். அதையே, குறைவாக."

நாங்கள் ஏழில் நடந்தவர்கள்.
மூன்று, இரண்டு, இரண்டு.
நொண்டி நடைதான், ஆனால்
ஊன்றுகோலைச் சுழற்றிக்கொண்டு ஓடுகிற நொண்டி.
'இரண்டாம் ஷிப்டு' என்று பத்தொன்பது நிமிடம் ஒன்று வைத்திருந்தோம்.
காலால் தாளம் போட வந்தவர்கள்
முதல் திருப்பத்திலேயே தடுக்கி விழுவார்கள்.
யாரும் எங்களுக்கு ஆடியதில்லை.
தாடிக்காரர்கள் கைகட்டி நின்று தலையை மட்டும் அசைப்பார்கள்,
கணக்கு வாத்தியார் விடைத்தாள் திருத்துவது மாதிரி.
அதைத்தான் புகழ் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

இது ரெஜி ஸ்லாவிக் தன் மகள் பிறந்த வாரத்தில் எழுதியது.
நாலே கார்டு.
ஒருத்தி விளக்கை அணைக்காமல் வீட்டைவிட்டுப் போகிறாள்,
அவ்வளவுதான் கதை.
"பாட்டா இது, வெந்நீர்," என்றான் டிரம்பெட் டெல்பர்ட்.
எல்லாரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன்.
அன்றிரவு மோட்டல் ஷவரில்
அதே வெந்நீருக்குக் கீழே நின்று
அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்,
சுவர் மெல்லிசு என்பது மறந்து.
காலையில் டெல்பர்ட் ஒன்றும் கேட்கவில்லை.
சர்க்கரைக் கிண்ணத்தை மட்டும் என் பக்கம் தள்ளினான்.

என் டிராம்போனுக்கு மிஞ்சியது இரண்டு சுரம்.
அறுபத்து நான்கு பார் சும்மா இரு,
பிறகு வயலின்களின் அடியில் இரண்டு சுரம்.
தேடினால் கேட்காது, எடுத்துவிட்டால் குறையும்
என்றார் ஹால்வர்சன்.
அதற்குச் செக்கும் எழுதினார்.

ஆகஸ்டில் அது எங்கும் இருந்தது.
பெட்ரோல் பங்கில், பல் டாக்டரிடம்,
என் வாயில் பஞ்சு அடைத்திருந்தபோது.
டெல்பர்ட் போய்விட்டான். சண்டையெல்லாம் இல்லை.
வால்வுகளுக்கு எண்ணெய் விட்டான், பெட்டியை மூடினான்,
இப்போது டொலீடோவில் ஒரு பள்ளிக்கூட பேண்டு.
ஆர்வினின் பர்ஸ் தடித்தது.
தடிக்கத் தடிக்க டிரம் இன்னும் தணிந்தது.
விளையாட்டுக்குச் சொல்லவில்லை,
அடுத்த இரண்டு ரெக்கார்டையும் வரிசையாகப் போட்டுக் கேளுங்கள்.

நேற்று டேட்டனில்
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இரண்டாம் ஷிப்டு!"
ரெஜி திரும்பி எங்களைப் பார்த்தான்.
சரி என்று ஆரம்பித்தோம்.
மூன்று, இரண்டு, இரண்டு.
பதினோராவது பாரில்
என் கால் எட்டாவது அடியைத் தேடிப் போனது,
இருட்டில், இல்லாத படியில் இறங்குவது போல.
என் பின்னாலேயே சாக்ஸ், அதன் பின்னால் பாஸ்,
மொத்தமும் சரிந்தது.
அரங்கம் சிரித்தது.
பிரியமான சிரிப்பு. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்புறம் அந்தப் பாட்டு.
லைட்டர்கள் ஒவ்வொன்றாய் மேலே வந்தன.
மேடையோரம் தபால்காரச் சீருடையில் ஒரு பெண்
ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
கண்ணை மூடி ஆடத் தொடங்கினாள், யாரோடும் இல்லை.
நாலு அவளுக்குப் போதுமாயிருந்தது.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.
உதட்டை நனைத்துக்கொண்டேன்.
அவள் எங்கே மூச்சு வாங்குகிறாளோ
அங்கேதான் என் இரண்டும் விழவேண்டும்.
அறுபத்திரண்டு.
அறுபத்து மூன்று.