வாதி

ஊரில் வாதி என்றால் வழக்குப் போட்டவர்.
இங்கே, ஓமானின் பாத்தினா கரையில்,
வருஷம் முழுக்கத் தூங்கும் ஆற்றுக்கு அந்தப் பெயர்.
கூழாங்கல், முள்மரம், யாரோ கழற்றிப் போட்ட டயர்.
வந்த புதிதில் மைதானம் என்று நினைத்து
வெள்ளிக்கிழமைதோறும் அதில் கிரிக்கெட் ஆடினோம்.

தேர்தல் மாதம் ஃப்ளெக்ஸ் கடைக்குத் தீபாவளி.
பின்னால் அதே பேரீச்சந்தோப்பு,
முன்னால் முகத்தை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டுவேன்.
ஷர்ஃபா பின்த் ஸுலைம் கடைசி ஆளாக வந்தார்,
புவியியல் டீச்சர், கக்கத்தில் ஒரு நோட்டு.
பெயர் கேட்டார். மரியசெல்வம் என்றேன்.
பாதியிலேயே பிடித்துக்கொண்டு
"மர்யமா? என் மகளும் மர்யம்" என்றார்.

"என் படம் வேண்டாம். தோப்பும் வேண்டாம்.
குறுக்கே ஒரு நீலக் கோடு போடு.
புயலன்று தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றதோ
அந்த உயரத்தில் கோடு வரும்படி கட்டு."

கோட்டுக்குக் கீழே அச்சிட அவர் தந்தது:
வாதியின் வழியில் இனி ஒரு செங்கல்லும் வைக்கவிடமாட்டேன்.
வைத்ததை எடுக்கவும் சொல்வேன், என் அண்ணன் கடை உட்பட.
நம் கிணறுகள் கரிக்கின்றன,
மண்ணுக்கடியில் கடல் நடந்து வருகிறது.
மழையை மலையடியிலேயே தேக்கி
அதற்கு எதிரே நன்னீரை அனுப்புவோம்.
கழிமுகத்தில் அலையாத்தி நடுவோம்.
பள்ளிவாசல் கூரையில் சூரியத் தகடு,
கரண்ட் போன இரவிலும் மோட்டார் ஓட.

முதலாளி ஹம்ஸக்கா எட்டிப் படித்தார்.
"அண்ணன் கடையா? அங்கேயே போச்சு நூறு ஓட்டு."

நோட்டில் உயரங்கள் இருந்தன.
கடைத்தெரு அறுபது சென்டிமீட்டர். மீன்சந்தை தொண்ணூறு.
"டயர்க் கடைக்குப் பின்னால், எங்கள் கேம்ப்?" என்றேன்.
பக்கங்களைப் புரட்டினார். முன்னும் பின்னும்.
"அங்கே யாரும் அளக்கவில்லை."
அங்கே ஓட்டு இல்லை என்று
அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எழுந்து நின்று
காறை எலும்பில் விரலை வைத்துக் காட்டினேன்.

அன்றிரவு ஷொஹிதுல் அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றினான்,
விடியும்வரை இறக்கவில்லை.
ஆறு கதவைத் தட்டவில்லை.
அறை அறையாக வந்து தன் நிலத்தைக் கேட்டது.
எங்களிடம் என்ன இருக்கிறது கொடுக்க?
வாடகைச் சீட்டுகூட கம்பெனி பெயரில்.

அளவுநாடாவின் நுனியை டீச்சர் செருப்பால் மிதித்துக்கொண்டார்.
மறுமுனையைக் கழுத்தடிக்கு நானே இழுத்தேன்.
நூற்று முப்பத்தெட்டு.
எழுதினார்: கேம்ப், 138. சாட்சி: மர்யம்.

பதினொரு பேனர்.
கட்டி முடித்த அன்றே பிள்ளைகள் கோட்டுக்குக் கீழே நின்று
மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகி விளையாடினார்கள்.
ஒரு தாய் ஓடிவந்து தன்னுடையவனை இழுத்துப் போனாள்,
திட்டக்கூட இல்லை.

நாற்பத்தொரு ஓட்டில் தோற்றார்.
கேம்பில் நாங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
கழித்தல் எனக்கும் தெரியும்,
சொல்லி என்ன.

பேனர் எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னார் ஹம்ஸக்கா.
பத்தை அவிழ்த்தேன்.
ஆட்டுக்கொட்டிலுக்கு வேண்டும் என்று
அண்ணன்காரரே வந்து இரண்டு வாங்கிப்போனார்.
பதினொன்றாவது எங்கள் சமையலறைச் சுவரில் கிடக்கிறது.
கோட்டுக்கு ஒரு சாண் மேலே ஷொஹிதுல் பலகை அடித்தான்.
அரிசி, பாஸ்போர்ட் நகல், சார்ஜர்,
யாரோ ஊருக்கு வாங்கி வைத்த பொம்மை ரயில்
எல்லாம் மேலே.
கீழே வெங்காயம் மட்டும். நனைந்தால் நனையட்டும்.

நேற்று மலைப்பக்கம் மின்னியது.
எனக்கு இன்னும் இரண்டு பந்து பாக்கி.
ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு மேடேறினோம்,
வாதிக்கு வழிவிட்டு.