இடது பர்னர்

மூன்றாவது லாட்ஜிலும் அதே பலகை:
அறைக்குள் சமைக்கக் கூடாது.
ரிசப்ஷன் பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
பையைப் பார்த்தான்.
மயிலாடுதுறை மார்க்கெட்டில் ஆசைப்பட்டு வாங்கிய மடவை
ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.
"பக்கத்துலயே நல்ல மெஸ் இருக்கு சார்."
இருக்கும்.
எனக்குப் பசி இல்லை தம்பி,
கைதான் பரபரக்கிறது.

ஆட்டோக்காரர் செல்லப்பா மட்டும் சிரிக்கவில்லை.
"மடவைக்கு மாங்காயா, புளியா?"
"ரெண்டும்."
வண்டியைத் திருப்பினார்.

கூறைநாட்டில் ஒரு மாடி. நாள் வாடகை எழுநூறு.
மெகருன்னிசா கட்டிலைக் காட்டவில்லை.
சிலிண்டரைத் தட்டிக் காட்டினார்,
பாதிக்கு மேல் இருக்கிறது.
மிக்ஸியில் சின்ன ஜார் ஒழுகும்.
அரிவாள்மனை உண்டு, கொஞ்சம் ஆடும்.
அடுப்புக்கு மேலே, சுவரில் யாரோ பென்சிலால்:
இடது பர்னர் சோம்பேறி. சோற்றுக்கு வலது.
அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து:
குழம்புக்கு இடதை அடிச்சுக்க முடியாது.

ஒன்பதரைக்குக் கொதி வந்தது, இடதில்தான்.
பக்கத்து மாடிப் பூனை முதலில் வந்தது.
கீழே மெகருன்னிசாவுக்கு ஒரு கிண்ணம்,
நாளைக்குச் செல்லப்பாவுக்கு ஒரு தூக்கு
(மீன்குழம்பு மறுநாள்தான் ருசி)
என்று எடுத்துவைத்த பிறகுதான் நினைவு வந்தது,
கோயில் பார்க்கத்தான் இந்த ஊருக்கு வந்தேன்.
நடை சாத்தியிருப்பார்கள்.