ஒட்டுப்போட்ட ரீல்

குலசேகரத்தில் தகரக்கூரை போட்ட கொட்டகை.
வெளியே இடவப்பாதி மழை.
படம் மலையாளம். அதற்கென்று எங்களுக்குத்
தனியாகக் காது வேண்டாம்,
ஆனாலும் பாதி வசனம் மழைக்குப் போயிற்று.
நானும் விஜிலாவும்.
கல்யாணமாகிப் பதினோரு நாள்.
கப்பலண்டிப் பொட்டலம் மடியில் நமத்துக்கொண்டிருந்தது.

படத்தில் ஒரு வீடு. வீட்டில் ஒரு கிழக்கு அறை.
பூட்டில்லை, யாரும் திறப்பதுமில்லை.
கையில் விளக்கோடு ஒருவன் நடக்கிறான்,
ஓடு சொட்டுகிறது, கொட்டு முழக்கம் ஒன்றும் கிடையாது.
கதவு.
உள்ளே ஒருத்தி முதுகு காட்டித்
தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள்.
மெல்லத் திரும்புகிறாள்:
காது, கன்னத்தின் ஓரம்,
அங்கே சிக்கிக்கொண்டது ரீல்.

கன்னத்தில் ஒரு கொப்புளம் கிளம்பிற்று.
பழுத்து, நடுவில் ஓட்டை விழுந்து,
ஓட்டை வளர்ந்து முகத்தைத் தின்று
திரை வெறும் வெள்ளையானது.
யாரும் விசிலடிக்கவில்லை.
"எனக்குப் பேடியாட்டு இருக்கு" என்றாள் விஜிலா,
பதினோரு நாளில் அவளாகச் சொன்ன
முதல் வாக்கியம்.

ஆபரேட்டர் சிலுவைதாசன்
வெந்ததை வெட்டியெறிந்து
ஒட்டுப்போட்டு ஓட்டினார்.
அடுத்த காட்சியில் விடிந்திருந்தது.
விளக்குக்காரனுக்குத் தலை நரைத்திருந்தது.
ஏனென்று தெரியாமலே
இருபத்தெட்டு வருடம் இருந்தோம்.

இப்போது அதையே தமிழில் எடுத்திருக்கிறார்கள்.
மார்த்தாண்டத்தில், ஏசியில்,
மகள் அஜிஷா போனிலேயே டிக்கெட் போட்டாள்.
அந்த வீடு ஒரு மலை பங்களா ஆகியிருந்தது.
கிழக்கு அறைக்கு ஐந்து பூட்டு, ஒரு செப்புத் தகடு.
கதவை நெருங்குமுன்பே வயலின்கள் அலறின.
பூனை பாய்ந்தது. பிறகு இன்னொரு பூனை.
அவள் திரும்பினாள், முழுதாகவே திரும்பினாள்:
வாய் காதுவரை கிழிந்து, பல் மூன்று வரிசை,
கம்ப்யூட்டரில் செய்த புழுக்கள்.
அப்புறம் அவள் ஏன் செத்தாள், யார் கொன்றது,
கொன்றவனின் அப்பா யார் என்று
இருபது நிமிடம் பிளாஷ்பேக்.

சும்மா சொல்லக்கூடாது, கிணற்றுக் காட்சி நன்றாயிருந்தது.
தண்ணீர் படியேறி வந்தபோது
எனக்கும் கால் கூசிற்று.
ஆனால் விஜிலா என் கையைத் தேடவில்லை.
பாப்கார்ன் விலையில்தான் அவளுக்கு நடுக்கம்.

ராத்திரி அஜிஷா பழைய படத்தைத்
தேடி எடுத்துத் தந்தாள்.
வெட்டில்லாத முழுப் பிரதி,
அடியில் யாருக்கோ அரபி எழுத்து.
அடுக்களையில் மூன்று பேரும்
தலைமுட்டப் பார்த்தோம்.
கதவு. முதுகு. ஈர முடி. காது.
கன்னத்தின் ஓரம்.
விஜிலா கண்ணைப் பொத்திக்கொண்டாள்.
இப்போது எரியும் என்று காத்திருந்தேன்.

எரியவில்லை. சாதாரண முகம்.
பவுடர்கூடக் கூடுதல் இல்லை.
வாசலில் நிற்பவனைப் பார்த்து,
அவன் கை விளக்கைப் பார்த்து,
சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்கிறாள்,
"ஆரு?"

"இதுக்கா அவனுக்குத் தலை நரைச்சுது?" என்றாள் மகள்.
விஜிலா ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்துபோய்ப் பின்கதவின் கொண்டியை
எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு வெட்டுக்குப் போனேன்.
நெற்றியில் லைட், இடுப்பில் கத்தி,
முன்னூறு ரப்பர் மரம்.
சிரட்டைக்குப் பால் இறங்குவது கேட்காது;
கேட்பதுபோல் இருக்கும்.
எழுபதாவது மரத்தில் நிமிர்ந்தபோது
சரிவுக்கு அப்பால், சதானந்தன் தோட்டத்தில்,
விலை விழுந்த பிறகு
யாரும் வெட்டுக்கு வராத தோட்டத்தில்,
ஆள் உயரத்தில் ஒரு வெளிச்சம்
என்னைப் பார்த்து நின்றது.
நானும் நின்றேன்.
அணைத்துவிடலாமா என்று
நெற்றிக்குக் கை போவதற்குள்
அங்கே அணைந்துவிட்டது.