ஆறடிக்கு நாலடி

ஆதம்பாக்கத்தில் ஆறடிக்கு நாலடி
எனக்கென்று மண்.
அரைக்கீரை தூவிய அன்றிரவே
வந்து கிளறி, முடித்து,
மூடியும் விட்டுப் போயிருக்கிறது.

ஜூஸ் கடை ஆரஞ்சுத் தோல் போட்டேன்.
டிகாக்‌ஷன் சக்கை, பாச்சை உருண்டை.
நீலம் கரைத்த பாட்டிலைப் பார்த்து
நாய்தான் பயந்தது.

"எங்க பூனையே இல்லீங்க அது"
என்கிறார் பக்கத்து வீட்டு ஜெசிந்தா,
கையில் சங்கரா மீன் தலையோடு.

எலுமிச்சைக் கிளை வெட்டி
முள் பரப்பினேன் கடைசியில்.
ஏறியது என் கட்டைவிரலில்.

சப்பிக்கொண்டே நிமிர்ந்தால்
ஏசி பெட்டி மேல் உட்கார்ந்து
பார்த்துக்கொண்டிருக்கிறது,
முள் போதாமல் விட்ட
ஓரத்து ஒரு சாண் மண்ணை.

நேற்றுதான் அதைக்
கொத்தமல்லிக்காகப்
பொலபொலவென்று கொத்திவைத்தேன்.