மறுகா

வண. எசேக்கியேல் பூபாலப்பிள்ளையின் கையெழுத்தை
வாசிக்கத் தெரிந்தவள் கல்லாற்றில் நான் ஒருத்திதான்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
'ர'வும் துணைக்காலும் ஒன்றாகவே இருக்கும்,
வசனத்தைப் பார்த்துப் பிரிக்கவேண்டும்.

ஊர்ச் சரித்திரத்துக்கென்று
அவரிடம் தனி நாட்காட்டி இருந்தது:
சூ.மு., சூ.பி.
சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின்.
"கிறிஸ்துவை விட்டுட்டீங்களே ஐயா" என்றேன்.
"அவர் கோவிக்கமாட்டார் கா.
கூரை பறந்த வருசம் எல்லாருக்கும் ஞாபகம்.
அவர் பிறந்த வருசம் எனக்கே சந்தேகம்."

கோயில் மணி எந்தத் தோணியில் வந்தது,
எந்தக் குடிக்கு எந்த வட்டை,
முகத்துவாரம் வெட்டிய நாளின் கூலிக் கணக்கு,
அந்தக் கணக்கில் ஒரு சதம் இடித்ததற்கு
மூன்று பக்க அடிக்குறிப்பு.
பிரசங்கம் மட்டும் பத்து நிமிடம்.
சபை அதற்காகவே அவரை நேசித்தது.

சூ.பி. பன்னிரண்டுக்கு வந்தபோது
கையெழுத்துத் திடீரென்று தெளிந்தது.
அடக்கப் பதிவேட்டை
அப்படியே பார்த்தெழுதியிருந்தார்.
ஆவணி மூன்று, வயது பத்தொன்பது, காய்ச்சல்.
ஆவணி மூன்று, வயது இருபத்திரண்டு, காய்ச்சல்.
ஆவணி நான்கு, வயது பதினேழு, காய்ச்சல்.
பதினொரு பேர்.

விரல் நின்றது.
அந்த ஆவணியில் எனக்கு ஒன்பது வயது.
ஊரில் யாருக்கும் உடம்பு சுடவில்லை.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.
"பதிவேட்டைப் பார்க்க ஜீப் வரும்.
வேறு சொல் எழுதியிருந்தால்
அந்த வீட்டில மிச்சமிருக்கிற பொடியன்…"
துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.
"மறுகா திருத்தலாமெண்டு நினைச்சன்."

மறுகா கடல் வந்தது, சூ.பி. இருபத்தாறு.
நனைந்து ஒட்டிய தாள்களைச்
சவரக் கத்தியால் பிரித்துக் காயவைத்தாராம்.
ஞானஸ்நானங்கள் கரைந்திருந்தன.
காய்ச்சல் ஒன்றும் கரையவில்லை.
"பொய்க்கெண்டு நல்ல மை வாங்கியிருக்கிறன்."

குடையோடு வீடு வீடாகப் போனார்.
உள்ளதை எழுதட்டுமா?
பத்து வீடு தலையசைத்தது,
ஒன்று கனடாவிலிருந்து, தொலைபேசியில்.
யூனிஸ் மாமி மட்டும் தேத்தண்ணி வைத்துவிட்டுச் சொன்னா:
"காய்ச்சலெண்டே கிடக்கட்டும் ஐயா.
அவன்ர நெத்தியில
நான் கை வைச்ச மாதிரி இருக்கு."

அச்சகத்துப் பையன் நேற்றுக் கேட்டான்,
"பத்துப் பேருக்குச் சூடு, ஒருத்தருக்குக் காய்ச்சல்.
எழுத்துப் பிழையோ அக்கா?"

இல்லை, விடு.
அடுத்த பக்கம் போ.