பதினோராம் வாயில்

பன்னிரண்டு வருடமாக
என் வலது பாதத்தின் கீழ் இந்தச் சுழல்கதவின் மிதி.
ஒரு ஆளுக்கு ஒரு கிளிக்.
யார் எந்தக் கட்சி என்று கேட்பது என் வேலையில்லை.
கழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

சிவப்பு மஃப்ளர் என்றால் ஹோம்விக் ரோவர்ஸ்.
சாம்பல் என்றால் வட கடல் ஷார்க்ஸ்,
மிஸ்டர் டன்வெல் இலவசமாகக் கொடுத்தது.
நாலாயிரம் மஃப்ளர். பாதி இன்னும் உறை பிரிக்காமல்.

உறைபனிக் கிடங்குகளின் முதலாளி அவர்.
போன பிப்ரவரியில் வரிபாக்கிக்காக
மைதானத்தைப் பூட்ட ஆள் வந்த காலையில்
காசோலையோடு வந்தவரும் அவர்தான்.
அதை மறந்தமாதிரிப் பேச எனக்கு வராது.
அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு பாய்லர் மாற்றினேன்.

"உலகத்தில் ரோவர்ஸ் எத்தனை ரோவர்ஸ்!
ஷாங்காயில் ஒரு பையன் சட்டை வாங்க வேண்டுமென்றால்
அதில் பல் தெரிய வேண்டும்"
என்றார் கூட்டத்தில்.

டெரன்ஸ் பௌல்டர் எழுந்தான்:
நம் துறைமுகத்தில் சுறா பார்த்தவர்கள் கை தூக்குங்கள்.
ஒரு கை உயர்ந்தது.
விசாரித்தால், மீன்காட்சியகத்தில்.

அவன் தம்பி கீத் எழுந்தான்:
ரோவர் என்றால் ஊர்சுற்றி.
நாம் யார் எங்கே சுற்றினோம்?
பிறந்த தெருவிலேயே பல் விழுந்தவன் நீ.
பொய்தான் பெயர் என்றால்
இந்தப் பொய்க்கு என்ன குறை?

அன்றிலிருந்து அண்ணன் ஒரு கார், தம்பி ஒரு கார்.
பெட்ரோல் விற்கிற விலையில்.

மீன் ஆலையிலிருந்து நேராக வரும் வொய்டெக்
சீட்டை நீட்டியபடி சொன்னான்:
எங்கள் ஊருக்கு நூறு வருடத்தில் மூன்று பெயர், ஐலீன்.
ஆறு அப்படியேதான் ஓடுகிறது.
பின்னால் நின்ற டெரன்ஸ் சொன்னான்:
ஆறு சீசன் டிக்கெட் வாங்குவதில்லை.

முன்கையில் கிளப் பெயரைப் பச்சை குத்திய ரெக் ஆமிட்டேஜை
எல்லோரும் சாட்சிக்கு இழுத்தார்கள்.
அவர் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு
"இன்னும் மேலே போனால் என் முதல் மனைவி இருக்கிறாள்" என்றார்.
எந்தப் பக்கத்துக்கு அதைக் கணக்கு வைப்பது?

சனிக்கிழமை. கடலிலிருந்து ஆலங்கட்டி.
டெரன்ஸ் என் கதவுக்கு வந்தபோது
கழுத்தில் சாம்பல் மஃப்ளர்,
உள்புறம் வெளியே திருப்பி,
எழுத்தெல்லாம் அவன் தொண்டையில் படும்படி.
சிவப்பு இன்னும் காயவில்லை என்றான்,
நான் எதுவும் கேட்காதபோதே.
கிளிக்.

இங்கிருந்து ஆட்டம் தெரியாது. காதில் விழும்.
முதல் பாதி முழுக்க
கிழக்கு மேடை ஒரு பெயர், மேற்கு மேடை ஒரு பெயர்,
நடுவில் இரண்டும் மோதி
இரண்டும் கேட்காமல் போனது.
எதிரணிக்காரர்கள் சிரித்துக்கொண்டே
இரண்டையும் கத்தினார்கள்.

எண்பத்தெட்டாம் நிமிடம்
என் கூண்டின் கண்ணாடி அதிர்ந்தது.
அதில் ரோவர்ஸ் இல்லை, ஷார்க்ஸ் இல்லை,
ஒரு மெய்யெழுத்துகூட இல்லை.
ஆறாயிரம் வாய்க்கும் சேர்த்து
ஒரே ஓர் உயிரெழுத்து,
நெடில்.

ஆஃப்சைட்.

பிறகு இரண்டு மேடையும் சேர்ந்து நடுவரைத் திட்டியதில்
எல்லா எழுத்தும் இருந்தன.

கூட்டம் கலைந்ததும் கணக்குத் தாள் எடுக்கிறேன்.
ஆறாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று.
தாளின் தலையில் கிளப் பெயர் அச்சடித்திருக்கிறது,
மூலையில் இன்னும் இரண்டு பெட்டி.
வாக்கெடுப்பில் பெயர் போய்விட்டால்
இதையெல்லாம் என்ன செய்ய என்று
வியாழக்கிழமையே அலுவலகத்தில் கேட்டிருந்தேன்.
வீணாக்க வேண்டாம், தீரும்வரை எழுது என்றார்கள்.

ஆட்டத்துக்கு ஒரு தாள்.
சொந்த மைதானத்தில் வருடத்துக்கு இருபத்து மூன்று ஆட்டம்.
பெட்டிக்கு ஐந்நூறு தாள்.
பென்சிலால் வகுத்துப் பார்த்தேன்,
வந்த விடையை யாரிடமும் சொல்லவில்லை.
பெட்டிகளை ஈரம் படாத அலமாரிக்கு மாற்றிவிட்டு
விளக்கை அணைத்தேன்.